கணபதியின் கடைசி ஹரிசாண்டல்

அத்தியாயம் 7

‘நான்தான் செய்தேன்’ என்று கோர்ட்டில் கைகட்டி நின்று சொல்லிவிட்ட ஒருவனைக் காப்பாற்றித் தரும்படி கேட்டால், புத்தியுள்ள எந்தத் துப்பறிவாளரும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து வாசல் வரை வந்து வழியனுப்பிவிடுவார். புவனாவுக்கும் அந்தப் புத்தி உண்டு. ஆனால் போன மாதம் செவ்வந்தி அவள் ஆபீஸ் படியேறி வந்து, அழாமல், உட்காராமல், “எங்க ஊட்டுக்காரரு பொய் சொல்றாருங்க” என்று ஆரம்பித்தபோது அது எங்கோ தொலைந்துபோனது.

இன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை தீர்ப்பு. கையில் இருந்ததோ நேற்று ராத்திரி வக்கீல் தாஜுன்னிசா அனுப்பிய ஏழே ஏழு போட்டோக்கள்.

விஷயம் இவ்வளவுதான். பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு திருவிழாவில் ராட்டினம் முறிந்து விழுந்து மூன்று பேர் செத்துப்போனார்கள். ராட்டினத்தைச் சுற்றவைக்கும் இரும்புத் தண்டு, பட்டறைக்காரர்கள் பாஷையில் ஷாஃப்ட், இரண்டாக உடைந்திருந்தது. உடைந்த இடத்தில் ஒரு நீளக் காடி. கீவே என்பார்கள். ஆறு மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டிய காடி ஒன்பதரை இருந்தது. மூன்றரை மில்லிமீட்டர் கை தவறுமா, வேண்டுமென்றே வெட்டியதுதான் என்று போலீஸ் எழுதிவிட்டது. டெலிவரி சலானில் ‘சரிபார்த்தேன்’ என்று கையெழுத்துப் போட்டிருந்த கணபதி ஏரியாவில் இரும்பில் காடி வெட்டும் மில்லிங் பட்டறை வைத்திருந்த ஆல்வினைத் தூக்கிக்கொண்டு போனது. அவனும், “நான்தான் வெட்டினேன், என் மிஷின்லதான் வெட்டினேன்” என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டான். பத்து வருடம் நிச்சயம் என்று கோர்ட் வாசல் டீக்கடைக்காரர்கூடச் சொல்கிறார்.

“ஊர்ல எல்லாரும் ‘நான் பண்ணல’ன்னு சொல்லிச் சோறு தின்றாங்க. இவரு ஒருத்தருக்குத்தான் உண்மை பேசற வியாதி” என்றான் ரிஃபத். புவனாவின் உதவியாளன். முப்பத்தெட்டு வயது. முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டியவன். வழி நெடுக நோயாளியைச் சிரிக்கவைத்தே கொண்டுபோய்ச் சேர்த்ததாகப் பெருமை அடித்துக்கொள்வான்.

“அது உண்மையான்னு பார்க்கத்தான் வந்திருக்கோம்” என்றாள் புவனா.

ஆல்வினின் பட்டறை ஒரு லாரி நிற்கும் அளவுக்குத்தான் இருந்தது. ஒரு லேத். பக்கத்தில் ஒரே ஒரு மில்லிங் மிஷின். இரண்டின் மேலும் பதினோரு மாதத் தூசி. செவ்வந்தி ஷட்டரைத் தூக்கிவிட்டு ஓரமாக நின்றாள். அவள் ஆறு வயதுப் பெண் ரித்திகா பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

“இது என்ன மிஷினுங்க?” என்றாள் புவனா.

“வெர்டிகல் மில்லிங்குனு சொல்வாருங்க. எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க.”

“இதுல வெட்டின கீவே ஏதாவது பழசு கெடக்குமா?”

செவ்வந்தி மேஜைக்கு அடியில் குனிந்து ஒரு துண்டு ஷாஃப்ட்டை எடுத்தாள். காடியின் விளிம்பைக் கட்டைவிரலால் குறுக்காக ஒரு தடவு தடவிப் பிசிறு இல்லை என்று பார்த்துவிட்டு நீட்டினாள். புவனா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். பக்கத்தில் போனில் உடைந்த ஷாஃப்ட்டின் போட்டோ. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு மிஷினைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

“மேடம் சிரிச்சுட்டாங்க. இன்னைக்கு மழைதான்” என்றான் ரிஃபத்.

“இங்க பாரு. இந்த மிஷின்ல கட்டர் பென்சில் மாதிரி நட்டுக்க நிக்குது. மேலருந்து எறங்கி நேரா நகரும். அதனால காடியோட ரெண்டு முனையும் அரைவட்டமா இருக்கு. அடிப்பாகம் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரே சமம். சோப்பு டப்பா மாதிரி. சரியா?”

“சரி.”

“இப்ப போட்டோவைப் பாரு. முனை ரெண்டும் சதுரம். ஆனா அடிப்பாகம் ரெண்டு பக்கமும் சரிஞ்சு மேல ஏறுது.”

ரிஃபத் போனைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டான். “படகு மாதிரி.”

“படகேதான். பென்சில் கட்டரால படகு வெட்ட முடியாது. அது ரம்பச் சக்கரம் மாதிரி வட்டக் கட்டர் வெட்டினது. வேற மிஷின்.”

செவ்வந்தியின் முகத்தில் பதினோரு மாதத்தில் முதல் தடவையாக ஏதோ ஒன்று அசைந்தது. “நான் அப்பவே சொன்னனுங்களே! யாரோ மாத்திப்போட்டாங்க. எங்க ஷாஃப்ட் கரெக்டா ஆறு எம்எம்முங்க. கரெக்டா ஆறு!”

அவள் குரலில் இருந்த உறுதி புவனாவுக்குப் பிடித்திருந்தது. மிஷினே தெரியாதவளுக்கு அந்த உறுதி எங்கிருந்து வந்தது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கெட்டிக்காரத்தனம் தலைக்கேறிவிட்டால் காது அடைத்துக்கொள்ளும்.

“ஆல்வின் வாக்குமூலம் பொய். யாரையோ காப்பாத்தறாரு” என்றாள் புவனா. “நீங்க இங்கயே இருங்க. வந்துர்றோம்.”

கணபதியில் பட்டறைக்குப் பஞ்சமா? ஒரு சந்தில் நின்று தும்மினால் நாலு பட்டறையிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். முதல் மூன்றில் வெர்டிகல் மட்டும்தான் இருந்தது. நான்காவது சுரேந்தருடையது. கண்ணாடிக் கதவு போட்ட பெரிய மிஷின். உள்ளே கட்டர் தானாக இறங்கி, தானாக நகர்ந்து, வேலை முடிந்ததும் தானாகவே வேறு கட்டரை மாட்டிக்கொண்டது. சுரேந்தர் நாற்காலியில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார்.

“இதுக்குப் பேரு விஎம்சிங்க. கம்ப்யூட்டர் வெர்டிகல். புரோகிராம் போட்டு உட்டுப்போட்டம்னா நம்ம சும்மா பார்த்துட்டு இருந்தாப் போதும்.”

“மேடம், அடுத்த மாசத்திலிருந்து என்னையும் புரோகிராம் போட்டு உட்டுருங்க” என்றான் ரிஃபத்.

புவனா போட்டோவைக் காட்டினாள். சுரேந்தர் வடையைக் கீழே வைத்தார்.

“இது ஹரிசாண்டல் வேலைங்க. கட்டர் படுத்த தண்டுல மாட்டியிருக்கும். வட்டக் கட்டரு.”

“வெர்டிகல்னா நின்னுட்டு வேலை செய்யுது, ஹரிசாண்டல்னா படுத்துட்டு வேலை செய்யுது. நம்ம ரெண்டாவது ரகம்” என்றான் ரிஃபத்.

“இந்த ஏரியாவுல யார்கிட்ட இருக்கு?” என்றாள் புவனா.

“எல்லாம் பழைய இரும்புக்குப் போயிருச்சுங்க. பின்னால சந்துல சரவணன் ஒரு யுனிவர்சல் வெச்சிருக்காரு. டேபிளைச் சாய்ச்சுத் திருப்பி எல்லா வேலையும் செய்யலாம். வட்டக் கட்டரும் மாட்டலாம். ஆனா அது வந்ததே இந்த ஆடியிலதானுங்க.”

ராட்டினம் விழுந்தது மாசியில். ஷாஃப்ட் டெலிவரி ஆனது தை அமாவாசை அன்று. யுனிவர்சலை மனதுக்குள் அடித்துவிட்டாள் புவனா. “வேற?”

“மிச்சம் ஒண்ணே ஒண்ணுதானுங்க. காளிச்சாமியண்ணன் ஊட்டுப் பட்டறை. ஏதோ மில்லு ஏலத்துல எடுத்த சீமை மிஷின்.”

சந்து முனைக்கு வருவதற்குள் புவனா தாஜுன்னிசாவுக்குப் போன் போட்டுவிட்டாள். ஷாஃப்ட்டின் காடி, மிஷின், முகவரி எல்லாம் கடகடவென்று சொன்னாள். அந்த மிஷினைக் கோர்ட் அனுப்பும் நிபுணர் வந்து பார்க்க வேண்டும் என்று இன்றே மனுப் போடச் சொன்னாள்.

“உறுதியாச் சொல்றீங்களா? போட்டா திரும்ப வாங்க முடியாது. போலீஸும் கூடவே வருவாங்க” என்றார் தாஜுன்னிசா.

“வரட்டும். ஷாஃப்ட்டை வெட்டினது ஆல்வின் மிஷின் இல்லை. இதுல சந்தேகமே இல்லை.”

போனை வைத்ததும் ரிஃபத் தலையைச் சொறிந்தான். “மேடம், பொண்ணையே இன்னும் பார்க்கல. அதுக்குள்ள பத்திரிகை அடிச்சுட்டமோ?”

“வெள்ளிக்கிழமை தீர்ப்பு, ரிஃபத்.”

அவன் காளிச்சாமி வீட்டைத் தேடி முன்னால் நடந்தான்.

காளிச்சாமிக்கு அறுபது வயது இருக்கும். வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அந்த மிஷின் பச்சை நிறத்தில், ஒரு மாட்டைப் போல அகலமாக நின்றது. படுத்திருந்த தண்டில் வட்டக் கட்டர். புவனா போட்டோவை நீட்டியதும் அவர் கண்ணாடியை மாட்டி ரொம்ப நேரம் பார்த்தார்.

“இது எங்க மிஷினுங்க அம்மணி. இந்தக் கோடு பாருங்க, கட்டர்ல ஒரு பல்லு மொக்கை. அதான் கீறல் உழுகுது.”

இவ்வளவு சுலபமாக யாரும் ஒப்புக்கொண்டு புவனா பார்த்ததில்லை. “ஆழம் ஒன்பதரை இருந்துச்சுங்க. ஆறுதான் இருக்கணும்.”

“ஒம்பதரையா?” காளிச்சாமி கண்ணாடியைக் கழற்றினார். விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். அவர் முகம் மாறிவிட்டது. “அப்ப அது நான் வெட்டினதில்லீங்க.”

“உங்க மிஷின்னு இப்பத்தானுங்க சொன்னீங்க?”

“மிஷின் என்னுது. கை என்னுது இல்லீங்க.” அவர் மிஷினின் முன்புறம் இருந்த கைப்பிடியைப் பிடித்தார். “இதைச் சுத்தினா டேபிள் மேல ஏறும். ஏற ஏறக் காடி ஆழமாகும். இப்ப வர்ற மிஷின்ல எல்லாம் ஒரு சுத்துக்கு ரெண்டு எம்எம். மூணு சுத்து சுத்தினா ஆறு. இந்தச் சந்துல எல்லாப் பசங்களும் சுத்தை எண்ணித்தான் வெட்டுவாங்க. ஆனா இது சீமை மிஷின். எல்லாம் இஞ்ச் கணக்கு. ஒரு சுத்துக்கு ஒரு நூல்.”

“நூல்னா?”

“இஞ்சுல எட்டுல ஒண்ணுங்க. மூணு எம்எம்முக்குக் கொஞ்சம் மேல. மூணு சுத்து சுத்தினா…”

“ஒன்பதரை” என்றாள் புவனா.

“கைப்பிடியில இருந்த நெம்பரெல்லாம் தேஞ்சு போச்சுங்க. எனக்குக் கண்ணை மூடிட்டும் தெரியும். புதுசா நிக்கறவங்களுக்குத் தெரியாது.”

ஆக, சதி இல்லை. மாற்றிப்போடல் இல்லை. எம்எம் மிஷினில் பழகிய ஒரு கை, இந்த மிஷினில் ஒரே ஒரு தடவை நின்று, ஒழுங்காக, நேர்மையாக மூன்று சுற்று எண்ணியிருக்கிறது. அவ்வளவுதான். மூன்று உயிர் போய்விட்டது.

“தை அமாவாசை அன்னைக்கு இதை யாருங்க ஓட்டினது?”

“அன்னைக்கு நான் ஊர்லயே இல்லீங்களே. ஆனைமலைக்குப் போயிருந்தேன், மாசாணியாத்தாளுக்கு. சாவி ஊட்டுல இருந்துச்சு. இங்க ஒருத்தர் மிஷின் படுத்துக்கிட்டா அடுத்தவங்க மிஷின்ல வெட்டிக்கறது வழக்கம்தானுங்க. கேக்கக்கூட மாட்டாங்க.” வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “ராமாத்தா! சித்த வா!”

அவர் மனைவி ராமாத்தாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்தாள். கேள்வியைக் கேட்டதும் யோசிக்கவேயில்லை.

“ஆல்வின் பொண்டாட்டிகிட்டத்தானுங்க குடுத்தேன். கட்டர் ஒடைஞ்சு போச்சு, லாரிக்காரன் வந்து நின்னுட்டிருக்கான்னு ஓடியாந்துச்சு. நல்லா வேலை தெரிஞ்ச புள்ளைங்க அது. ஆல்வின் வெளிய போனா அதுதான் மிஷின் ஓட்டும்.” பேசிக்கொண்டே கொட்டகை வாசலைப் பார்த்தவள் சிரித்தாள். “இந்தா, அதே வந்துருச்சு. வா கண்ணு.”

செவ்வந்தி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சும்மா இருக்க முடியாமல் பின்னாலேயே வந்திருக்கிறாள். புவனா திரும்பி அவள் கைகளைப் பார்த்தாள். பிசிறு தடவிய அந்தக் கட்டைவிரல் இப்போதுதான் கண்ணில் பட்டது. தன்னையே ஓங்கி அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

“நீங்கதான் வெட்டினீங்களா?” என்றாள்.

செவ்வந்தி தலையாட்டினாள். அவள் முகத்தில் பயம் இல்லை. ஒளித்து வைத்ததற்கான வெட்கம் மட்டும் இருந்தது. “கோவிச்சுக்காதீங்க. போலீஸ் வந்த அன்னைக்கு, மிஷினைத் தொட்டதே இல்லைன்னு சொல்லுன்னு அவருதான் சத்தியம் வாங்கிட்டாருங்க. பொம்பளையை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுருவாங்கன்னு. நான் வெட்டினதும் படகு மாதிரிதானுங்க, ஆனா ஆழம் கரெக்டா ஆறுங்க. நானே சுத்தினேன். அதனாலதானே மாத்திப்போட்டாங்கன்னு அடிச்சுச் சொல்றேன்?”

ரிஃபத் புவனாவைப் பார்த்தான். காளிச்சாமி தரையைப் பார்த்தார். சொல்லிவிடலாம். சொல்லாமலும் விடலாம். கோர்ட் அனுப்பும் நிபுணர் வந்து எப்படியும் சொல்லிவிடுவார். அந்நியன் வாயால் கேட்பதைவிட இது மேல் என்று புவனா நினைத்தாள். அது சரியா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

“அன்னைக்கு வெட்டின மாதிரியே இப்ப ஒண்ணு வெட்டுங்க, செவ்வந்தி.”

காளிச்சாமி ஒரு துண்டுக் கம்பியை மாட்டிக் கொடுத்தார். செவ்வந்தி சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு மிஷின் முன்னால் நின்றாள். கட்டர் கம்பியை மெல்லத் தொடும் வரை டேபிளை ஏற்றினாள். கம்பியை விலக்கினாள். கைப்பிடியைச் சுற்றினாள். உதடு மட்டும் அசைந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. சுவிட்சைப் போட்டாள். கட்டர் இரும்பைச் சுரண்டிக்கொண்டு போனது. நல்ல கை. கொஞ்சமும் நடுக்கம் இல்லாத, வேலை தெரிந்த கை.

மிஷின் நின்றது. காளிச்சாமி ஆழம் பார்க்கும் கேஜை எடுத்தார். தானே பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. அவளிடமே கொடுத்தார்.

செவ்வந்தி வைத்துப் பார்த்தாள். எடுத்தாள். முந்தானையால் கேஜைத் துடைத்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள். காடியில் இருந்த இரும்புத் துகளை ஊதிவிட்டு மூன்றாவது தடவையும் பார்த்தாள்.

“இது ஒம்பதரை காட்டுதுங்க” என்றாள்.

ஒரு சுற்றுக்கு ஒரு நூல் என்று காளிச்சாமிதான் கடைசியில் சொன்னார். செவ்வந்தி மிஷினைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

“வண்டிக்காரன் அவசரப்படுத்தினானுங்க. அவரு அளந்து பார்க்கக் கேஜை எடுத்தாரு. நான்தான் அதெல்லாம் கரெக்டா இருக்கும், கையெழுத்தைப் போடுங்கன்னேன். சிரிச்சுட்டே போட்டாருங்க.” நிமிர்ந்தாள். “அவருக்குத் தெரியுமாங்க?”

“உடைஞ்ச துண்டைப் போலீஸ் காட்டின அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். படகைப் பார்த்தா அவருக்குப் புரியாதா?” என்றாள் புவனா.

“வாரா வாரம் போய்ப் பார்த்தனுங்க. ரித்திகா நல்லாச் சாப்பிடறாளான்னு மட்டும்தான் கேப்பாரு.”

புவனா கொட்டகைக்கு வெளியே வந்து தாஜுன்னிசாவைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். நடந்ததை மூன்று வாக்கியத்தில் சொன்னாள். மறுமுனையில் பெருமூச்சு கேட்டது.

“மனு ஏத்துக்கிட்டாங்க, புவனா. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நிபுணரும் போலீஸும் அங்க இருப்பாங்க. திரும்ப வாங்க முடியாதுன்னு அப்பவே சொன்னேன்.”

“தெரியாம நடந்ததுன்னு நிரூபிக்க முடியும். வேணும்னே செஞ்சதில்லைன்னு ஆயிரும் இல்லையா?”

“ஆகும். பத்து வருஷம் போயிரும். ஆனா மூணு உயிர். வெட்டினதுக்கு அவங்க, அளக்காமலே சரிபார்த்தேன்னு கையெழுத்துப் போட்டதுக்கும் பொய் வாக்குமூலத்துக்கும் அவரு. ஆளுக்கு ரெண்டு வருஷமாவது வரும். ராட்டினக்காரன் ஆளுங்க பொருந்தாத காடியில தகடு வெச்சு அடிச்சு மாட்டியிருக்காங்க, அவங்க மேல கேஸே இல்லை. என்ன பண்றது சொல்லுங்க.”

அதுவரை ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. தன் சாமர்த்தியத்தால் இப்போது இரண்டு பேரும் உள்ளே. ஆல்வின் பதினோரு மாதம் வாயை மூடிக் கட்டிக் காத்த ஒரே ஒரு விஷயத்தை அவள் அரை நாளில் தோண்டி எடுத்துக் கோர்ட் மேஜையில் வைத்துவிட்டாள். புவனாவுக்குத் தன்மேல் வந்த ஆத்திரத்தில் கண் எரிந்தது.

ரிஃபத் பக்கத்தில் வந்து நின்றான். “அவங்க கேட்டுட்டாங்க, மேடம். ஸ்பீக்கர்ல நீங்க ரெண்டு பேரும் பேசினதெல்லாம் உள்ள கேட்டுச்சு.”

செவ்வந்தி வெளியே வந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள். “நாளைக்கு அவங்க வர்றதுக்கு முன்னாடி நானே சொல்லிர்றேனுங்க. சாவி குடுத்ததுக்கு அக்காவை யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது. நான் கேட்டேன், அவங்க குடுத்தாங்க. அவ்வளவுதானுங்க.”

ராமாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். செவ்வந்தி புவனாவைப் பார்த்துத் தயங்கினாள்.

“உங்க வண்டியில என்னைய அவிநாசி வரைக்கும் கொண்டுபோய் உட முடியுமாங்க? பாப்பாவை எங்க அண்ணன் ஊட்டுல உடணும்.”

“வாங்க, போலாம்.”

ரிஃபத் வண்டியை எடுக்க ஓடினான். செவ்வந்தி நாலு அடி எடுத்து வைத்துவிட்டு நின்றாள்.

“எத்தனை நாளைக்குன்னு அவ கேப்பாளுங்க. எண்ணிட்டே இருக்கற புள்ளை. நான் என்ன நெம்பரைச் சொல்லட்டுங்க?”

புவனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டி வந்து ஹாரன் அடித்தது. இருவரும் ஏறி, ரித்திகாவை அழைத்துக்கொள்ளப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள்.